ஒரு சொட்டு கசியாத ஜாடி

விருத்தாசலத்துக் கல்யாணப் பந்திகளில் எனக்கு எதிரே உட்கார யாரும் ஆசைப்படுவதில்லை. ஊரில் பாதிப் பேருடைய சர்க்கரை அளவு எனக்கு மனப்பாடம். என்னைக் கண்டதும் ஜாங்கிரியை அப்பளத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, "நல்லாருக்கீங்களா சிஸ்டர்?" என்று விசாரிப்பார்கள். நானும் அப்பளம் வழக்கத்தைவிட உயரமாக இருப்பதைக் கவனிக்காதவள் போல நலம் சொல்லிவிட்டு நகர்வேன். ஓய்வு பெற்ற பிறகாவது மனிதர்களை நிம்மதியாகச் சாப்பிட விட வேண்டாமா?

போன மாதம் அப்படியொரு பந்தியில் தைரியமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் பவித்ரா. நான் பார்த்துவந்த சர்க்கரை நோய்ப் பிரிவை இப்போது பார்த்துக்கொள்கிற செவிலியர். "மேடம், இப்பல்லாம் பேனா ஊசி வந்துடுச்சு. கையில வில்லை மாதிரி ஒண்ண ஒட்டிக்கிட்டா போனுலயே சர்க்கரை தெரியுது. இனிமே நாம சொல்லித் தர்றதுக்கு என்னா இருக்குது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. "எழுதியே தரேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கவும், ரத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருக்கவும், டாக்டர் தவறாகச் சொன்னால் "சார், இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று பணிவாகக் கேட்கவும் கற்றுக்கொண்டேன். கடைசி வரை அதிகம் உதவியது மூன்றாவதுதான்.

மற்றதெல்லாம் மரியதங்கம் அம்மாவிடம் வேலை பார்த்ததில் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் செவிலியர் கண்காணிப்பாளர். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை நடக்கும்போது சரசரக்கும். அந்தச் சத்தத்துக்கே வார்டு பாய்கள் பீடியை அணைப்பார்கள். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய ஆட்சியில் ஒரேயொரு வார்த்தைக்குத் தடை இருந்தது. "புரிஞ்சுதா?" என்று எந்த நோயாளியையும் நாங்கள் கேட்கக் கூடாது.

"கேட்டா என்னா சொல்லுவாங்க?" என்பார். "தலையாட்டுவாங்க. தலையாட்டறதுக்கு பூம்பூம் மாடு இருக்குது, ஆஸ்பத்திரி எதுக்கு? செஞ்சு காட்டச் சொல்லு."

அவ்வளவுதான் அவருடைய மொத்தச் சித்தாந்தம். ஊசி போடக் கற்றுக்கொடுத்தால், உடனே அவர்களே போட்டுக் காட்ட வேண்டும். பாட்டிலைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்ட வேண்டும். ரப்பர் மூடியைத் துடைத்து, எடுக்கப்போகிற மருந்தின் அளவுக்குக் காற்றை முதலில் உள்ளே செலுத்தி, பிறகு மருந்தை இழுத்து, குமிழியைத் தட்டி வெளியேற்றி, வயிற்றுச் சதையைப் பிடித்துக் குத்தி, அழுத்திய பிறகு பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுக்க வேண்டும். நேற்றுக் குத்திய இடத்தில் இன்று குத்தக் கூடாது. இதை நாங்கள் சொல்வதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அவர்கள் செய்து காட்ட அரை மணி ஆகும். அந்த அரை மணி நேரமும் கையைக் கட்டிக்கொண்டு, பிடுங்கிச் செய்யாமல் நிற்பதுதான் எங்களுக்கு வேலை. தையல் போடுவதைவிட அது கடினம்.

சாப்பாட்டு விஷயத்திலும் அதே விதிதான். எங்கிருந்தோ அச்சடித்து வந்த உணவுத் தாள் ஒன்று எங்களிடம் இருந்தது. ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், ஏதோ ஒரு பச்சைப் பூ. விருத்தாசலம் சந்தையில் அந்தப் பூவைக் கேட்டால் எந்தச் சாமிக்கு என்பார்கள். மரியதங்கம் அம்மா அந்தத் தாளை மருந்து மடித்துக் கொடுக்கப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார்.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த விவசாயி ஒருவர், "அரிசிய தொட்டே மாசக்கணக்காவுது. வெறும் கேவுருக் களிதான். அப்பறம் ஏன் ஏறுது?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

"எவ்வளவு களி? கையால காட்டுங்க" என்றேன்.

இரண்டு கைகளையும் விரித்தார். நடுவில் ஒரு முழுத் தேங்காய் மட்டையோடு உட்காரும்.

"ஒரு நாளைக்கா?"

"ஒரு வேளைக்கு" என்றார், மரியாதைக் குறைவாகக் கேட்டுவிட்டேன் என்பது போல. உருண்டையை எலுமிச்சைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊருக்குப் போனதும் என்னையும் சேர்த்து மறந்திருப்பார். "பாதியா காட்டுங்க" என்றேன். மனசில்லாமல் கைகள் நெருங்கின. "அதுல நிறுத்துங்க. மீதிக்குக் கீரையும் மொச்சையும்." அடுத்த முறை வந்தபோது கைகளை அவரே அளவாகப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

இவையெல்லாம் சுலபமானவை. கலியபெருமாள் சுலபமாக இல்லை.

கலியபெருமாள் எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறை ஒன்றில் கிளேஸ் போடுபவர். முதல் சூட்டில் வெந்து வந்த ஜாடியையோ பொம்மையையோ கிளேஸ் கரைத்த தொட்டியில் ஒரு முக்கு முக்கி, மணிக்கட்டைத் திருப்பி எடுப்பார். இரண்டாம் முறை சூளைக்குப் போய் வரும்போது அது கண்ணாடி போல மின்னும். தூசி விழக் கூடாது என்பதால் அந்தத் தொட்டிப் பக்கம் யாரும் செருப்போடு போவதில்லை. வெறுங்காலோடு நின்றவருக்கு வலது கட்டை விரலின் அடியில் ஒரு பீங்கான் சில்லு ஏறியது. சர்க்கரையில் மரத்துப்போன கால். அவருக்குத் தெரியவில்லை. வெள்ளைத் தரையில் சிவப்பாகக் காலடி விழுவதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்தான் கத்தியிருக்கிறார்.

சில்லை எடுத்தாகிவிட்டது. புண் ஆறவில்லை. மாத்திரையை நிறுத்தி இன்சுலின் ஆரம்பித்தார் டாக்டர். நான்தான் கற்றுக்கொடுத்தேன். என் பணிக்காலத்தில் அவ்வளவு அழகாக ஊசி போட்டுக் காட்டியவர் வேறு யாரும் இல்லை. ஜாடியைத் திருப்புகிற மணிக்கட்டல்லவா! ஒரு குமிழி இருக்காது. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்றார். இருந்த ஒன்றும் மகளுக்குச் சீராகப் போயிருந்தது. ஃபிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு நாங்கள் சொல்வதைச் சொன்னேன்: மருந்து பாட்டிலை மூடியுள்ள ஒரு சின்ன டப்பாவில் போட்டு, தண்ணீர் உள்ள மண்பானைக்குள், நிழலில் வையுங்கள். தலையாட்டினார்.

ஆனால் சர்க்கரை இறங்கவில்லை. கத்திரி வெயில் ஏற ஏற அதுவும் ஏறியது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். புண்ணின் ஓரம் கறுத்தது. அறுவை சிகிச்சை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போதும் சர்க்கரை இப்படியே இருந்தால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான், விட்டால் பாதம் போகும் என்றார். கலியபெருமாள் குனிந்து விரலைப் பார்த்தார். தொட்டிமேல் சாய்ந்து நிற்கும்போது உடம்பின் கனமெல்லாம் அந்த விரலில்தான் நிற்கும் என்று பிறகு சொன்னார்.

இவ்வளவு மருந்துக்கும் இறங்காத சர்க்கரைக்கு உலகத்துக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: திருட்டுத் தீனி.

டாக்டர் கேட்டார், "ஐயா, நமக்குள்ள இருக்கட்டும். என்ன சாப்பிடறீங்க?"

"சத்தியமா இல்லீங்க."

அவர் மனைவி அஞ்சலைக்கு அந்தச் சத்தியம் போதவில்லை. சட்டைப் பையை உதறிப் பார்த்தார். பட்டறைக்குப் பக்கத்து டீக்கடைக்காரரிடம் வேவு வைத்தார். வீட்டுக்குள் வந்ததும் "ஊது" என்று வாயை மோந்து பார்த்தார். "குடிகாரப் புருசனுக்குப் பொண்டாட்டிங்க செய்யறத எனக்குச் செய்யறா சிஸ்டர்" என்று கலியபெருமாள் என்னிடம் முறையிட்டார்.

கடைசியில் அஞ்சலை மேலிடத்துக்கே போய்விட்டார். மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. நம் பக்கத்தில் களவு போனாலும் ஏமாற்றப்பட்டாலும் அங்கே சாமிக்கு மனு எழுதிக் கட்டுவார்கள். பிராது கட்டுவது என்று பெயர். காரியம் முடிந்ததும் போய் அதைத் திரும்பப் பெற வேண்டும். அஞ்சலை எழுதிக் கட்டிய பிராது இது: "என் புருசன் தெனம் களவாக இனிப்பு தின்கிறார். எங்கே தின்கிறார், யார் தருகிறார் என்று கண்டுபிடித்துக் கொடுத்து, அவர் விரலைக் காப்பாற்று சாமி." இதை அவரே என்னிடம் சொன்னார், சட்டப்படி செய்துவிட்ட நிம்மதியோடு.

நான் மரியதங்கம் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "அந்தாளு ஊசி நல்லா போட்டுக் காட்டறாரா?" என்றார்.

"ரொம்ப நல்லா."

"எந்தப் பாட்டில்லேருந்து?"

"நம்ம பாட்டில்லேருந்து தாம்மா. இங்க செஞ்சு காட்டறப்போ..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ வேலை வருகிறது என்று அர்த்தம். "அவங்க வூட்டுக்குப் போ. அவரு பாட்டில எடுத்து, அவரு வூட்டுல செஞ்சு காட்டட்டும். எதுக்கும் ஒரு புதுப் பாட்டில ஐஸ் பிளாஸ்க்குல எடுத்துக்கிட்டுப் போ."

அன்று சாயங்காலமே போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. உள்ளே நுழைந்தால் சூளை வாயில் நிற்பது போல இருந்தது. அஞ்சலை பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். பல் கூசியது, அவ்வளவு குளிர்ச்சி. பானையின் வெளிப்பக்கம் வேர்த்து, கீழே மணல் நனைந்திருந்தது.

"ஊசி போட்டுக் காட்டுங்கண்ணே. மருந்து எடுக்கறதுலேருந்து."

கலியபெருமாள் பானைப் பக்கம் போவார் என்று பார்த்தேன். அவர் ஜன்னலுக்குப் போனார். அங்கே, சாயங்கால வெயில் விழுந்துகொண்டிருந்த மாடத்தில், கழுத்தில் நீலக் கோடு போட்ட ஒரு பீங்கான் ஜாடி. அப்படியொரு பளபளப்பு! மூடியைத் திறந்து, தண்ணீரில் கிடந்த டப்பாவை எடுத்தார்.

"மண்பானையில வைக்கச் சொன்னேனே?"

"அது எதுக்கு சிஸ்டர், ஊறிக்கினு, அழுக்குப் புடிச்சுக்கினு. இது நானே கிளேஸ் போட்டது. தண்ணி ஊத்தி ஒரு வருசம் வையுங்க. ஒரு சொட்டு கசியாது."

"குடிக்கிற தண்ணியில மருந்த வெக்கலாமா சிஸ்டரம்மா?" என்று அஞ்சலையும் சேர்ந்துகொண்டார். கணவரை நம்பாத அந்தம்மாள் கணவருடைய ஜாடியை மட்டும் முழுதாக நம்பினார்.

ஜாடியின் மேல் கை வைத்தேன். காய்ச்சல்காரக் குழந்தையின் வயிறு போலச் சுட்டது. உள்ளே இருந்த தண்ணீரில் முகம் கழுவினால் வெந்நீர் ஒத்தடம். பாட்டிலை வாங்கி உள்ளங்கையில் உருட்டினேன். அது பால் போல ஒரே சீராகக் கலங்க வேண்டிய மருந்து. திரிந்த மோர் போலக் குருணை குருணையாகக் கண்ணாடியில் ஒட்டியது. வாரக்கணக்காக அவர் ஒரு குமிழிகூட இல்லாமல், தன் வயிற்றுக்குள் அழகாகச் செலுத்திக்கொண்டிருந்தது செத்துப்போன மருந்து.

"அண்ணே, நீங்க இனிப்பு சாப்புடல."

"அதத்தான் நானும் சொல்லிக்கினே இருக்கறேன்."

"பானை குளிரா இருக்கறது அது கசியறதாலதான். வெளியில வர்ற தண்ணி காஞ்சு போறப்போ உள்ள இருக்கற சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போவுது. உங்க ஜாடி கசியாது. அதனால குளிராது. மருந்து வெந்துபோச்சு."

அவர் ஜாடியைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். "கசியற சாமான நாங்க உருப்படின்னே சொல்ல மாட்டோம் சிஸ்டர்" என்றார் மெதுவாக. பெற்ற பிள்ளை மீது பள்ளிக்கூடத்தில் புகார் சொன்ன மாதிரி முகம்.

அஞ்சலைக்கு அந்தத் துக்கமெல்லாம் இல்லை. "அதான் புது மருந்து வெச்சிருக்கீங்களே சிஸ்டரம்மா, போடச் சொல்லுங்க. விரலு பொழைக்கட்டும்!"

கலியபெருமாள் புதுப் பாட்டிலை வாங்கி உருட்டினார். துடைத்தார். காற்றைச் செலுத்தினார். டாக்டர் கடைசியாகக் கூட்டிச் சொன்ன கோடு வரை மருந்தை இழுத்தார். வழக்கம் போலக் குமிழியே இல்லை. வேட்டியைத் தளர்த்தி வயிற்றுச் சதையைப் பிடித்தார். செய்து காட்டும்போது குறுக்கே கை நீட்டக் கூடாது என்ற விதியை நான் அன்றுதான் மீறினேன். ஊசி தோலைத் தொடுவதற்குள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னா சிஸ்டர்? தப்பா போட்டேனா?"

"சரியாத்தான் போடறீங்க. அளவுதான் தப்பு. அது செத்த மருந்துக்காக ஏத்தின அளவு. இது உசுரோட இருக்கற மருந்து."

அந்த அளவு உள்ளே போயிருந்தால், சர்க்கரை அடியோடு விழுந்து, விடியும்போது அவரை எழுப்ப முடியாமல் போயிருக்கலாம். டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஜாடியா?" என்றார். "ஜாடிதான் சார்." "ஆரம்பத்துல கொடுத்த அளவையே போடச் சொல்லுங்க சிஸ்டர். சாப்பாட்ட முன்னாடி வெச்சுக்கிட்டு போடட்டும். காலையில நானே பாக்கறேன்." நல்ல மனிதர். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்றே அவர்களுக்கு இன்னொரு பாடமும் நடத்தினேன். மருந்து வேலை செய்ய ஆரம்பித்தால் சர்க்கரை தாழ்ந்தும் போகும். கை நடுங்கும், உதடு மதமதவென்று இருக்கும், வேர்க்கும்.

"சூளைக்கிட்ட எல்லாருக்குந்தான் வேர்க்கும். எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் கலியபெருமாள். நல்ல கேள்வி. எந்தப் புத்தகத்திலும் சூளை இல்லை.

"சூளை வேர்வை சூடா இருக்கும். இந்த வேர்வை சில்லுன்னு இருக்கும். அப்படி வந்தா யாரையும் கேக்காதீங்க. சர்க்கரைய வாயில போடுங்க, கால் மணி நேரம் உக்காருங்க, அப்பறம் சாப்புடுங்க. ஒரு பொட்டலம் எப்பவும் மடியில இருக்கணும்."

"சர்க்கரையா! இவரு மடியிலயா!" என்றார் அஞ்சலை. திருடன் கையில் சாவியைக் கொடுப்பவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

அடுத்த வாரம் கலியபெருமாள் ஆஸ்பத்திரிக்கு ஒரு குட்டி ஜாடியோடு வந்தார். முதல் சூட்டில் வெந்த, கிளேஸ் போடாத ஜாடி. சொரசொரவென்று, செங்காவியாக. "தொட்டிகிட்ட கொண்டுபோனேன் சிஸ்டர். முக்காம திருப்பிக் கொண்டாறதுக்குள்ள கையெல்லாம் அரிச்சுப்போச்சு. பாக்க சகிக்கல. ஆனா கசியுது" என்றார். கடைசிச் சொல்லை எவ்வளவு பெருமையாகச் சொன்னார் என்று எழுத்தில் காட்ட முடியவில்லை. மரியதங்கம் அம்மா அதில் தண்ணீர் ஊற்றி, வராந்தா நிழலில் வைத்து, அரை நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தார். "ஃபிரிட்ஜ் இல்லாதவங்களுக்கெல்லாம் இதையே சொல்லு" என்றார். அதற்குப் பிறகு நல்லூரிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் வந்தவர்கள், கலியபெருமாளைத் தேடிப் பிடித்து, "அழுக்கா இருக்கற ஜாடிதான் வேணும்" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்.

சர்க்கரை இறங்கியது. மாயம் ஒன்றுமில்லை. உயிருள்ள மருந்து, அளவான சோறு, தினமும் அவரே உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துக் கட்டிய கட்டு. அறுவை சிகிச்சை டாக்டர் மறுபடி வந்து விரலை அழுத்திப் பார்த்தார். கறுப்பு போய்ச் சிவந்திருந்தது. "இதுக்கு நான் தேவையில்லை" என்று அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அறுவை சிகிச்சை டாக்டர் வாயிலிருந்து அதைவிட இனிமையான வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

புண் முழுக்க மூடியதும் கலியபெருமாள் ஒரு கோரிக்கை வைத்தார். "எம்மேல கேசு இருக்குது. அத வாபஸ் வாங்கணும்."

அஞ்சலைக்கும் சம்மதம்தான். சாட்சிக்கு நானும் வர வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணவாளநல்லூர் போனோம். நல்ல கூட்டம். மனு எழுதுகிறவர் முன்னால் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. அஞ்சலை ஊர், பேர் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கலியபெருமாள் திடீரென்று தன் முன்னங்கையைத் தடவிப் பார்த்தார்.

"சில்லுன்னு இருக்குது" என்றார்.

"காலையில ஊசி போட்டீங்களா?" என்றேன்.

"போட்டேன்."

"சாப்டீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். "சாமி கும்புட்டுட்டுத்தான் சாப்புடணும்னு நான்தான் சொன்னேன்" என்றார் அஞ்சலை.

என் கை தானாகப் பைக்குள் போயிற்று. "நீங்க சும்மா இருங்க சிஸ்டர், எனக்குத் தெரியும்" என்றார் கலியபெருமாள். தூண் ஓரமாக உட்கார்ந்தார். விரல்கள் நடுங்க மடியை அவிழ்த்து, பொட்டலத்தைப் பிரித்து, சர்க்கரையை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டார்.

"அய்யோ! சாமி முன்னாடியே திங்கறாரே!" என்று அஞ்சலை போட்ட சத்தத்தில் வரிசை மொத்தமும் திரும்பியது. சொந்தக் கேஸுகளை மறந்துவிட்டு எல்லாரும் இந்தக் கேஸைப் பார்த்தார்கள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கலியபெருமாள் மென்று விழுங்கினார். எதிரே இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணை மூடவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கால் மணி நேரம் ஆனதும் முன்னங்கையை மறுபடி தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப அந்த இட்லிப் பொட்டலத்த எடு புள்ள" என்றார். குரல் தெளிவாக இருந்தது. அஞ்சலை மறுபேச்சில்லாமல் பிரித்து, முதல் விள்ளலைத் தன் கையாலேயே அவர் வாயில் வைத்தார். பிறகு சர்க்கரைப் பொட்டலத்தில் ஒட்டியிருந்ததையும் விரலில் தொட்டு, "இதுவும் வேணுமா?" என்று கேட்டார்.

மனு எழுதுகிறவருக்குப் பொறுமை போயிருந்தது. "ஏம்மா, களவா இனிப்பு திங்கறாருன்னுதானே பிராது? வாபஸா, இல்ல இருக்கட்டுமா? ஒண்ணு சொல்லுங்க."

"வாபஸுதான், எழுதுங்க" என்றார் அஞ்சலை. முந்தானையை எடுத்துக் கணவர் பக்கம் நீட்டினார். "யோவ், மொதல்ல மீசையத் தொடை. சாமி பாக்குது."